1950இல் தாத்தா ஏறியது ரோனா கப்பலாக இருக்க முடியாது

உங்கள் தாத்தா 1950இல் ரோனா என்ற பயணிகள் கப்பலில் போனார் என்றும், அதை ஜப்பான் நீர்மூழ்கி அடித்தது என்றும் கேள்விப்பட்டதாகச் சொன்னீர்கள். ஆனால் ரோனா 1943 நவம்பர் 26ஆம் தேதியே மூழ்கிவிட்டது. அதனால் 1950இல் உங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு போனது அதில் இல்லை. நீங்கள் கேள்விப்பட்டதுபோல ஜப்பான் நீர்மூழ்கியும் அதை அடிக்கவில்லை. அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மன் விமானம் வீசி, வானொலி அலை வழியே இலக்குக்குத் திருப்பிவிட்ட குண்டுதான் அதை மூழ்கடித்தது. கப்பலில் அப்போது இருந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் படையினர். அவர்களில் மட்டும் 1,015 பேர் இறந்தார்கள். இந்திய மாலுமிகளும் பலர் இறந்தார்கள், அவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. புதுவகை ஆயுதம் என்பதால் அமெரிக்க அரசு விவரத்தை வெளியே விடவில்லை. வதந்திகள் கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

குழப்பத்துக்குக் காரணம் ரஜூலா என்ற கப்பலாக இருக்கலாம். இரண்டும் 1926இல் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காகக் கட்டிய ஜோடிக் கப்பல்கள். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என ஒரே வழி. ரஜூலா இரண்டாம் உலகப் போரில் தப்பி, 1970களின் தொடக்கம் வரை ஓடியது.

சரி, உறுதிசெய்ய: தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டில் பினாங்கு முத்திரைத் தேதியைப் பாருங்கள். அப்புறம் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில், அந்த வாரத்துக் கப்பல் வருகை அறிவிப்புகளில் தேடுங்கள்.

ஒன்று, அந்த வழியில் வேறு கப்பல்களும் ஓடின. தேதி பொருந்தாமல் ரஜூலா என்று எழுதிவிடாதீர்கள். போருக்கு முந்தைய பயணம் என்றால் ரோனாவாகவே இருக்கவும் வாய்ப்புண்டு.