உத்தியின் பெயரைச் சரியாக எழுதியும் மார்க் ஏன் குறைகிறது?

பாளையங்கோட்டையில் ஒன்பதாவது படிக்கும் மகள் இங்கிலீஷ் கவிதை பற்றிய விடையில் ‘பெர்சானிஃபிகேஷன்’ (உயிரற்றதை ஓர் ஆளைப் போலக் காட்டும் உத்தி) என்று சரியாக எழுதியும் பாதி மார்க்தான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்வது தொடக்கம்தான். சான்றும் விளக்கமும் வேண்டும்.

‘தி டயர்ட் ரிவர் கிரால்ஸ் பாஸ்ட் குறுக்குத்துறை’ (களைத்த ஆறு குறுக்குத்துறையைத் தாண்டி ஊர்ந்து போகிறது) என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழு வரியையும் பார்த்து எழுத வேண்டாம். ‘டயர்ட்’, ‘கிரால்ஸ்’ இரண்டை மட்டும் மேற்கோள் குறிக்குள் எடுக்கட்டும். அடுத்து இரண்டு வாக்கியம்: களைப்பு உயிருள்ளவற்றுக்கு உரியது, அதை ஆற்றின்மேல் ஏற்றியதால், கோடையில் தாமிரபரணி மெலிந்து கிடப்பது ஒரு ஆளின் சோர்வாகவே நமக்குப் படுகிறது. இந்த ‘அதனால்’தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. ‘கவிதைக்கு அழகு சேர்க்கிறது’ என்பது எந்தக் கவிதைக்கும் பொருந்தும், அது விளக்கம் ஆகாது.

‘ஆஸ்’ (as) என்ற சொல்லைக் கண்டதும் சிமிலி (உவமை) என்று எழுதிவிடக் கூடாது. ‘அப்போது’ என்ற பொருளிலும் அது வரும். சிமிலியும் மெட்டஃபரும் (உருவகம்) குழம்பினால் தமிழ் இலக்கணம் கைகொடுக்கும்: மதிமுகம் (மதி போன்ற முகம்) உவமை, முகமதி (முகமாகிய மதி) உருவகம்.