பழைய பெட்டிக்கு 3, புதியதற்கு 4

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்துக் கணக்கு நோட்டுகளை ஸ்கேன் செய்து, வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கும் பழைய நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் கருவி) சேர்க்கிறோம். கணினிக்குப் புது லினக்ஸ் போட்டதும் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் 'நோபடி' (யாருமில்லை) என்று வந்தது. நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் முறையில்தான் இணைக்கிறோம். நண்பர் சொன்னபடி அதற்கான என்எஃப்எஸ்மவுண்ட்.கான்ஃப் கோப்பில் 'என்எஃப்எஸ்வெர்ஸ்=3' (பதிப்பு 3) சேர்த்தேன்; சரியானது. இப்போது புதிதாக வாங்கிய சர்வர் மவுண்ட் ஆகமாட்டேன் (கணினியோடு இணையமாட்டேன்) என்கிறது.
— வாசகர், தேவகோட்டை

பதில்: நண்பர் சொன்ன மருந்து சரி, தடவிய இடம்தான் தப்பு. அந்த வரியை 'குளோபல்' பகுதியில் போட்டிருப்பீர்கள். அங்கே போட்டால் வீட்டில் உள்ள எல்லா சர்வருக்கும் பதிப்பு 3 என்று ஆணி அடித்ததாகிவிடும். புது சர்வர் 4 மட்டும் பேசுவதாக இருக்கலாம். ஃபயர்வாலில் (நெட்வொர்க் காவல்) 2049 போர்ட் (வாசல் எண்) மட்டும் திறந்திருந்தாலும் இதே கதைதான்: 4-க்கு அது ஒன்றே போதும், 3-க்கு வழக்கமாக 111-உம், மவுண்ட் கோரிக்கையைக் கவனிக்கும் மவுண்ட்டி நிரலின் போர்ட்டும் வேண்டும்.

அதே கோப்பில் 'டிஃபால்ட்வெர்ஸ்' என்று இன்னொன்று உண்டு. அது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் சொல்லும் முதல் விலை மாதிரி. அங்கிருந்து பேரம் கீழே இறங்கும். 4.2 இல்லையா, 4.1, அதுவும் இல்லையா, 4.0, கடைசியில் 3. 'என்எஃப்எஸ்வெர்ஸ்' பேரமே பேசாது.

உங்கள் பெட்டியின் சிக்கல் வேறு. அதற்கு 4 தெரியும், அதனால் பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் பதிப்பு 4, கோப்பின் உரிமையாளரைப் 'பெயர்@டொமைன்' என்று அனுப்பக்கூடியது. டொமைன் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் நோபடி. பதிப்பு 3 வெறும் பயனர் எண்ணைத்தான் அனுப்பும். ஐடிமேப்டி.கான்ஃப் கோப்பில் டொமைனைச் சரிசெய்தும் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பெட்டியோடு மல்லுக்கட்ட நான் சொல்லமாட்டேன்.

குளோபல் வரியை நீக்குங்கள். 'சர்வர்' என்று தனிப் பகுதி தொடங்கி, நாஸின் பெயரைப் போட்டு, அதன் கீழ் மட்டும் என்எஃப்எஸ்வெர்ஸ்=3 எழுதுங்கள். மவுண்ட் செய்யும்போது ஐபி எண் கொடுப்பவரானால் அந்தப் பகுதியிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். அப்புறம், 'ரீமவுண்ட்' பதிப்பை மாற்றாது. அன்மவுண்ட் செய்துவிட்டு மறுபடி மவுண்ட் செய்யுங்கள். 'என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்' போட்டால் எந்தப் பதிப்பில் நிற்கிறது என்று தெரியும்.

கேள்வி: விண்டோஸ் ஷேருக்கும் இந்தக் கோப்புதானா?
— வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை. அதற்கு எஃப்எஸ்டாப் (மவுண்ட் பட்டியல் கோப்பு) வரியிலேயே 'வெர்ஸ்=' எழுத வேண்டும். 2017-இல் வந்த லினக்ஸ் கர்னல் 4.13 முதல் எஸ்எம்பி 1 (விண்டோஸ் ஷேர் முறையின் பழைய பதிப்பு) தானாக வராது; மிகப் பழைய பெட்டி என்றால் 'வெர்ஸ்=1.0' கேட்கும். போடுங்கள், ஆனால் அந்தப் பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அதே ஆண்டு மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான்.