சொந்தக்காரர் பக்கத்தை நாமே திருத்தலாமா? விக்கிப்பீடியா கேள்வி-பதில்

என் பெரியப்பா எழுத்தாளர். அவரைப் பற்றிய கட்டுரையில் பிறந்த ஆண்டு தவறாக இருக்கிறது. நானே மாற்றலாமா?

எழுத்துப்பிழை என்றாலோ, யாராவது விஷமத்துக்குக் கிறுக்கி வைத்திருந்தாலோ உடனே சரிசெய்யுங்கள். ஆண்டு, விருது, சர்ச்சை என்று வந்தால் கட்டுரையைத் தொடாமல் அதன் பேச்சுப் பக்கத்துக்கு, அதாவது அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கத்துக்கு, போங்கள். "நான் இவருடைய உறவினர். முதல் பத்தியில் 1946 என்றிருப்பதை 1948 என மாற்ற வேண்டுகிறேன். சான்று: இன்ன நூல், பக்கம் 12" என்று எழுதினால் போதும். "பெரியப்பாவே சொன்னார்" என்பது அங்கே சான்றாகாது. பிறர் பார்த்துச் சரிபார்க்கும்படி வெளியான நம்பகமான ஏதாவது ஒன்று வேண்டும்.

எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கட்டுரை உருவாக்கச் சொல்கிறார் மேலாளர். வேறு பெயரில், வீட்டிலிருந்து செய்தால் தெரியாது என்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். சம்பளத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாகக் கட்டுரை எழுதினாலோ திருத்தினாலோ அதுவும் பணம் பெற்றுத் தொகுப்பதுதான். யாரிடம் பணம் பெறுகிறீர்கள், யாருக்காகச் செய்கிறீர்கள், என்ன தொடர்பு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2014 ஜூனில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதிகளிலேயே சேர்த்துவிட்டது. உங்கள் பயனர் பக்கத்தில் இரண்டு வரி எழுதினால் அந்தக் கடமை முடிந்தது.

மறைத்தால் என்ன ஆகும்? 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில், காசு வாங்கிக்கொண்டு ரகசியமாக எழுதிய 381 கணக்குகளை ஒரே மூச்சில் தடை செய்தார்கள். அவை எழுதிய கட்டுரைகள் பலவும் நீக்கப்பட்டன.

சரி, அறிவித்துவிட்டீர்கள். அப்புறம் வரைவாக எழுதி, மற்றவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். "முன்னணி", "நம்பிக்கைக்குரிய" போன்ற சொற்களை முதலில் வெட்டுங்கள். வெட்டிய பிறகு, வெளியார் எழுதிய செய்தியோ நூலோ ஆதாரமாக எதுவும் மிஞ்சவில்லை என்றால், அந்தக் கட்டுரைக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று மேலாளரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.

என் ஆய்வுக் கட்டுரையை நானே மேற்கோள் காட்டலாமா?

பொருத்தமான இடத்தில், அளவோடு காட்டலாம். பத்துக் கட்டுரைகளில் பத்து இடத்தில் செருகினால் அது விளம்பரம். தயக்கமாக இருந்தால் பேச்சுப் பக்கத்தில் பரிந்துரையுங்கள்.

என்னைப் பற்றிய கட்டுரையில் உள்ள விமர்சனத்தை நீக்கலாமா?

சான்றே இல்லாத அவதூறு என்றால் நீக்கலாம். வாழும் நபர்கள் விஷயத்தில் விக்கிப்பீடியா கண்டிப்பாகவே இருக்கிறது. ஆனால் சான்றுள்ள விமர்சனத்தில் கைவைக்காதீர்கள். விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கரை இணை நிறுவனராகக் குறிப்பிட்ட வரிகளைத் தன் கட்டுரையிலிருந்து நீக்கியது 2005இல் வெளியே வந்தது. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பிறகு அவரே வருந்தினார். பக்க வரலாற்றில் ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிவாகிறதே!

இன்னொருவர் நலமுரணோடு, அதாவது தனக்குத் தொடர்புள்ள ஆளையோ நிறுவனத்தையோ பற்றி, எழுதுகிறார் என்று சந்தேகம்.

அவருடைய பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். அவருடைய உண்மைப் பெயரையோ வேலையிடத்தையோ தேடிப்பிடித்து அங்கே போட்டுவிடாதீர்கள். அதற்கு உங்கள் கணக்கையே தடை செய்வார்கள்.