17 வயது மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறச் சொல்கிறார்கள். எப்படித் தயார்படுத்துவது?

இந்த மாற்றத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் நடுவில் விழும் இடைவெளியில்தான். குழந்தை மருத்துவர் கடிதம் கொடுத்துவிடுவார். புதிய டாக்டரிடம் யாரும் தேதி வாங்கியிருக்க மாட்டார்கள். கடைசியில் கீட்டோஅசிடோசிஸோடு (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும் ஆபத்தான நிலை) அவசரப் பிரிவில் போய் முடியும். அதனால் புதிய இடத்தில் தேதி கையில் வரும்வரை பழைய டாக்டரை விடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று மாதத்துக்கு மேல் போக வேண்டாம். அதுவரைக்கான இன்சுலின், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், ஊசிகளுக்குப் பழைய டாக்டரிடமே சீட்டு வாங்கிவிடுங்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாறுவதற்கு 6 மாதம் முன்பும் பின்பும் குறிப்பிட்ட ஒருவர் துணையிருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மருத்துவமனையில் அது யார் என்று கேளுங்கள். யாருமில்லை என்றால் அந்த வேலை உங்களுடையது.

இனி டாக்டரிடம் போகும்போது பாதி நேரம் அவன் தனியாக உள்ளே இருக்கட்டும். கேள்வி அவனுக்கு, பதில் அம்மாவிடமிருந்து என்ற பழக்கம் பெரியவர்கள் பிரிவில் செல்லாது. மது, புகை, உடலுறவு பற்றியெல்லாம் உங்கள் முன்னால் அவன் வாய் திறக்கவும் மாட்டான். குடித்தால் மறுநாள் காலைகூடச் சர்க்கரை திடீரென இறங்கலாம். இதை அவன் டாக்டர் வாயிலாகவே கேட்பது நல்லது.

காய்ச்சல், வாந்தி வந்தால் என்ன செய்வது என்பது அவனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். "சாப்பிடவே இல்லை, அதனால் இன்சுலின் போடவில்லை" என்பதுதான் அடிக்கடி நடக்கும் ஆபத்தான தவறு. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைப் பட்டினியிலும் நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் கீட்டோனும் பார்க்க வேண்டும். கீட்டோன் ஏறினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனை.

இருபது பக்கக் கோப்பை யாரும் படிக்கப்போவதில்லை. ஒரே பக்கத்தில் அவனே எழுதட்டும்: நோய் தெரிந்த ஆண்டு, இன்சுலின் பெயர்களும் அளவுகளும், எவ்வளவு மாவுச்சத்துக்கு எவ்வளவு இன்சுலின் என்ற கணக்கு, கடைசி எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை), கண், சிறுநீர், தைராய்டு பரிசோதனைத் தேதிகள், மருத்துவமனையில் சேர்ந்த விவரம், ஒவ்வாமை, தடுப்பூசிகள்.

தேர்வு நேரத்திலும், புதிதாக இன்சுலின் பம்ப் பொருத்திய கையோடும் மாற வேண்டாம். சில மாதம் தள்ளிப்போடக் கேட்கலாம். பொறுப்புகளையும் பதினெட்டாம் பிறந்தநாளன்று மொத்தமாக அவன் தலையில் கட்டாதீர்கள். முதலில் ஸ்ட்ரிப் தீருமுன் வாங்குவது, பிறகு தேதி வாங்குவது, அப்புறம் டோஸ் மாற்றுவது. ஒன்று பழகியபின் அடுத்தது.