மிதிவெடி முதல் தானியங்கி ஆயுதம் வரை: கேள்வி பதில்

போரில் குடிமக்களைக் காக்கும் சர்வதேசச் சட்டம் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, யாழ்ப்பாணத்தில் அச்சட்டத்தைக் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

பளை ஆசிரியை: முகமாலையில் இன்னமும் மிதிவெடி அகற்றுகிறார்கள். இதற்குக் கால எல்லை உண்டா, ஐயா?

உண்டு. மிதிவெடிகளைத் தடைசெய்யும், 1997இல் கைச்சாத்தான ஒட்டாவா சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்த 2018 ஜூன் 1 முதல் பத்தாண்டுகளுக்குள் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்பது கடப்பாடு. நீடிப்புக் கேட்கவும் இடமுண்டு. வேலை மந்தம் என்று குறைசொல்வோர், உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்ரிக் வெடிகளையும் மரப்பெட்டியில் செய்த ‘ஜொனி’ மிதிவெடிகளையும் தேடி, முழங்காலிட்டபடி சிறு வாரியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறும் பெண்களின் வேலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

கிளாலி விவசாயி: வடலிக்குள் சந்தேகமான பொருள் கிடந்தால்?

தொடவோ நகர்த்தவோ வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

சாவகச்சேரி வாசகர்: கொத்துக்குண்டு தடைசெய்யப்பட்டது என்கிறார்களே, பிறகு எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

பல சிறுகுண்டுகளைப் பரந்த இடத்தில் சிதறவிடும் அக்குண்டைத் தடைசெய்யும் சமவாயம் 2008இல் ஏற்கப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2018இல் இணைந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா இணையவில்லை. லித்துவேனியா 2025 மார்ச்சில் விலகியே போய்விட்டது. ஆயினும் சமவாயத்துக்கு வெளியே நிற்கும் அரசு சட்டத்துக்கு வெளியே நிற்பதாகாது. படையினரையும் குடிமக்களையும் வேறுபடுத்தாத தாக்குதலை அரசுகளின் நடைமுறையில் வேரூன்றிய வழக்காற்றுச் சட்டமே எல்லோருக்கும் தடைசெய்கிறது. அவ்விதியை விரிவாக எழுதிவைத்திருப்பது ஜெனீவா சமவாயங்களுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாம் மேலதிக நெறிமுறை, 51ஆம் உறுப்புரை. (அந்நெறிமுறையில் இலங்கை சேரவில்லை என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது.)

பருத்தித்துறை மாணவர்: தானாகவே இலக்கைத் தெரிந்து சுடும் ஆயுதங்களுக்கு என்ன சட்டம்?

தனிச் சமவாயம் இன்னும் இல்லை. ஜெனீவாவில் அரச நிபுணர் குழு 2017 முதல் கூடிவருகிறது. அங்கே முடிவுகள் ஒருமித்த இணக்கத்தோடு எடுக்கப்படுவதால், ஓர் அரசு முரண்டுபிடித்தாலே காரியம் நின்றுவிடும். ஐ.நா. பொதுச்சபையில் அந்தத் தடையில்லை: இவ்வாயுதங்கள் குறித்த 2024 டிசம்பர்த் தீர்மானத்துக்கு 166 நாடுகள் ஆதரவளித்தன; ரஷ்யா, பெலாரஸ், வடகொரியா ஆகிய மூன்றே எதிர்த்தன. மனிதரை இலக்காகக் கொள்ளும் தானியங்கி ஆயுதங்களை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்று சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2021இலேயே கேட்டுவிட்டது. அதுவே சரியென்பது என் கருத்து. மிதித்தவர் சிப்பாயா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று பாராமல் வெடிப்பதால்தான் மிதிவெடி தடைக்குள்ளானது. புதிய இயந்திரத்துக்குக் கண் உண்டு என்கிறார்கள். ஆனால் சரணடையக் கை தூக்கியவரையும், காயப்பட்டு விழுந்தவரையும் எந்த வெளிச்சத்திலும் எந்தப் புழுதியிலும் அது இனங்காணும் என்று பொறுப்பேற்க எவரும் முன்வரவில்லை.

கோப்பாய் சட்டத்தரணி: அது தவறாகக் கொன்றால் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

சிக்கலே அங்கேதான். போர்க்குற்றத்துக்குக் குற்றமனம், அதாவது குற்றம் செய்யும் எண்ணம், வேண்டும். கணினி நிரல் எழுதியவருக்கு அந்தக் கிராமமே தெரியாது. கட்டளைத் தளபதியோ, இயந்திரம் அப்படி நடக்குமென்று தாம் அறிந்திருக்கவில்லை என்பார். கீழ்நிலைச் சிப்பாயைத் தண்டிக்கத் தவறிய தளபதியைப் பிடிக்கும் விதி, தண்டிக்கவே முடியாத இயந்திரத்திடம் தடுமாறுகிறது. ஆகவே ஆயுதம் களத்துக்கு வருமுன்னரே அதை நிறுத்தும் வழிகளைத்தான் நான் நம்புகிறேன். புதிய ஆயுதம் சட்டத்துக்கு இணங்குமா என்று முற்கூட்டியே ஆராயுமாறு முன்னர் சொன்ன 1977 நெறிமுறையின் 36ஆம் உறுப்புரை பணிக்கிறது. அந்த ஆய்வு முடிவை வெளியிடும் கடமை எந்த அரசுக்கும் இல்லை என்பது அதன் பெருங்குறை.