துன்மார்க்கர் செழிக்கையில் நமக்கு ஏன் எரிச்சல்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னோடு வேலை செய்கிற ஒருவர் லஞ்சப் பணத்தில் வீட்டுக்கு மேல் வீடு கட்டுகிறார். நேர்மையாக இருக்கிற நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். அவர்மேல் எரிச்சல் வருவது பாவமா?

பதில்: அநியாயத்தைக் கண்டு கொதிப்பது பாவமல்ல, தீர்க்கதரிசிகள் எல்லாரும் கொதித்தவர்களே. ஆனால் அதே வீடு நாளை உங்களுக்கு நேர்வழியில் கிடைத்துவிட்டால், அவர் வாங்கும் லஞ்சம் உங்களை உறுத்துவது நின்றுவிடுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நின்றுவிடும் என்றால், இதுவரை உங்களை எரித்தது நீதியின்மேலுள்ள வைராக்கியம் அல்ல, பொறாமை. வேதாகமத்தின் 73-ஆம் சங்கீதத்தைப் பாடிய ஆசாப் இந்த இடத்தில் மழுப்பவில்லை. துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டபோது அவர்கள்மேல் பொறாமை கொண்டதாகவே மூன்றாம் வசனத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆலயத்தில் பாடகர் தலைவராயிருந்த லேவியர், அதாவது ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்தார் அவர்; ஊழியக்காரருக்கு இந்த நோய் வராது என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்தபோது ஆசாபுக்குத் தெளிவு வந்தது என்கிறோம். நானும் வாரம் தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். எனக்கு ஏன் எரிச்சல் தீரவில்லை?

பதில்: சகோதரி, 28 வசனங்களுள்ள அந்தச் சங்கீதத்தில் திருப்பம் 17-ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே ஆசாப் முதலில் கண்டது துன்மார்க்கரின் முடிவை. இரண்டாம் வசனத்தில் சறுக்க இருந்தவை அவருடைய சொந்தக் கால்கள்; 18-ஆம் வசனத்திலோ, சறுக்கலான இடத்தில் நிற்பவர்கள் அவர்களே என்று அவருக்குத் தெரிகிறது. நம்மில் பலர் இதோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டு, ‘அவனுக்கு ஒருநாள் இருக்கிறது’ என்று ஆறுதல் அடைகிறோம். அப்போது பொறாமை தீர்வதில்லை, பழி தீரும் நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறது, அவ்வளவுதான். ஆசாப் அங்கே நிற்காமல் தம்மைத் திரும்பிப் பார்த்து, தேவனுக்கு முன்பாகத் தாம் ஒரு மிருகத்தைப் போல இருந்ததாகச் சொல்லி, அப்படியிருந்தும் அவர் தம் வலதுகையைப் பிடித்திருந்ததை உணர்கிறார். பின்பு, தேவனே என்றென்றைக்கும் தம் பங்கு என்கிறார். மற்றக் கோத்திரங்களைப்போல லேவியருக்கு நிலம் பங்கிடப்படவில்லை. அவர்களுடைய பங்கு கர்த்தரே என்று எண்ணாகமம் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே இது நிலமற்ற ஒருவர், நிலமும் செல்வமும் கொழித்தவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்லும் வார்த்தை. சங்கீதம் முடிகிறபோதும் அவருடைய வெளிநிலைமை மாறியதாக ஒரு வரியும் இல்லை. தேவனை அண்டிக்கொண்டிருப்பதே தமக்கு நலம் என்பதில் அவர் நின்றுவிடுகிறார். நீங்கள் ஆராதனையில் கேட்பது அந்த அண்மையையா, அல்லது துன்மார்க்கருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதையா என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்பா எழுதிவைத்த நிலத்தைச் சித்தப்பா ஏமாற்றி எடுத்துக்கொண்டு வசதியாக இருக்கிறார். வழக்குப் போடுவது விசுவாசக் குறைவு என்று சபையில் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: அப்படி வேதம் சொல்லவில்லை. ஆகாப் ராஜாவே கேட்டும், பிதாக்களின் சுதந்தரமான திராட்சத்தோட்டத்தை நாபோத் கொடுக்க மறுத்தான். லூக்கா 18-இல் வரும் விதவை, அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்து நியாயம் பெற்றாள். சித்தப்பாவும் விசுவாசியாக இருந்தால், 1 கொரிந்தியர் 6-இல் பவுல் சொல்கிறபடி முதலில் சபைப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்க்க முயலுங்கள். பொறாமையை விடுவது என்பது பத்திரத்தை விட்டுக்கொடுப்பது அல்ல.

கேள்வி: செல்வம் தேவ ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று பிரசங்கத்தில் கேட்கிறோமே?

பதில்: துன்பப்படுகிறவன் பாவம் செய்திருப்பான், நீதிமானோ செழிப்பான் என்று கணக்குப் போட்டவர்கள், நீதிமானாயிருந்தும் துன்பப்பட்ட யோபின் நண்பர்கள். அவர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசியில் கர்த்தரே கடிந்துகொண்டார். தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறவர் பிதா என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னார். வங்கிக் கணக்கை வைத்து ஒருவருடைய ஆவிக்குரிய நிலையை அளக்க வேதத்தில் இடமில்லை.

கேள்வி: அண்ணா, அன்றாடம் நடைமுறையில் நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் உங்களுக்கு எரிச்சலூட்டுகிறவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்ப்பதை நிறுத்துங்கள், ஆசாபுக்கு இல்லாத சோதனை அது. பின்பு 37-ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசியுங்கள். எரிச்சல் வேண்டாம் என்று சொல்வதோடு விடாமல், நன்மை செய், கர்த்தரை நோக்கி அமர்ந்து காத்திரு என்று கைக்கும் மனதுக்கும் அது வேலை கொடுக்கிறது.

கேள்வி: அநியாயமாய்ச் செழிக்கிறவர் விழும்போது சந்தோஷப்படலாமா?

பதில்: கூடாது, நீதிமொழிகள் 24:17 அதைத் தெளிவாகத் தடுக்கிறது. அவர் விழாமல் மனந்திரும்பிவிட்டால் உங்களால் தாங்க முடியுமா என்பதுதான் இதைவிடக் கடினமான கேள்வி. எரிகோவில் வரி வசூலித்த ஆயக்காரரின் தலைவன் சகேயு ஐசுவரியவான். இயேசு அவன் வீட்டுக்குப் போனபோது, கண்டவர்கள் எல்லாரும் முறுமுறுத்தார்கள். அவனோ தன் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று சொன்னான்.