வில்லுப்பாட்டுக் குடமும் கிக் டிரம்மும்

வணக்கம் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் பாடும் வில்லுப்பாட்டோடு எலெக்ட்ரிக் கிட்டாரும் சிந்தசைசரும் டிரம்மும் சேர்த்தால், தாளத்துக்குத் தட்டும் குடம் கேட்கவே இல்லை, பாட்டும் சவமாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

குடமும் கிக் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒரே தாழ்ந்த ஒலியில் மோதுகின்றன. கிக்கின் அடிநாதத்தை 50-60 ஹெர்ட்ஸில் வைத்து, 100 ஹெர்ட்ஸைச் சுற்றிக் கிக்கின் ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள். குடத்துக்கு இடம் கிடைக்கும். மீதியைக் காதால் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

அதைவிடப் பெரிய தவறு, நிமிடத்துக்கு 120 அடி என்று பூட்டிய கிளிக் டிராக், அதாவது பதிவின்போது வேகம் காட்டும் டிக்-டிக் ஒலி. கொடையில் அருள் ஏற ஏற உடுக்கை முடுகும். பாட்டின் உயிரே அந்த ஏற்றம்தான்! வில்லையும் உடுக்கையையும் கிளிக் இல்லாமல் ஒன்றாகப் பதிவுசெய்து, டெம்போ மேப்பை (பாட்டின் வேகம் எங்கெங்கே மாறுகிறது என்று மென்பொருளில் குறிப்பதை) அதற்கேற்ப வரையுங்கள். கிட்டார் பின்னால் வரட்டும். உடுக்கையை குவாண்டைஸ் செய்யவே வேண்டாம், அதாவது அடிகளை மென்பொருளால் சீரான கட்டங்களுக்கு நகர்த்த வேண்டாம். அப்புறம், முதல் கலவையைப் பாடியவரிடம் போட்டுக்காட்டுங்கள்.